உன் படத்துக்குக் கீழே இருந்த பொத்தான்

மென்சி, எங்கள் குட்டிக் காளை,

கடல் தாண்டிய அந்த லிமசோல் ஊரில் உனக்கு உடம்புக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் இதையும் தொடங்குகிறேன். என்னைப் பற்றிச் சொல்வதென்றால் காலையில் எழுகிறேன், களி கிண்டுகிறேன், ஆலைக்குப் போய்ச் சட்டைக் கழுத்துத் தைக்கிறேன், அப்பாவுக்காகப் போட்ட கறுப்புத் துணி இன்னும் என் மேல்தான் இருக்கிறது, அதற்கு மேல் என் நலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. போனில் பேசாமல் காகிதத்தில் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், உனக்கு அதெல்லாம் புரியாதும்மா என்பாய். நாலாம் வகுப்புதான் படித்தேன் என்றாலும் எழுதினதற்குக் குறுக்கே யாரும் பேச முடியாது பார்.

ஆலையில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. சமையலறைக் கூரைத் தகடு ஆகஸ்ட் மாதக் காற்றில் பிய்ந்துபோய்விட்டது, அதன் மேல் கல் தூக்கி வைத்திருக்கிறேன். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். நான் சொல்ல வந்தது உன் அப்பாவைப் பற்றி.

நீ உன் வேலையைப் பற்றி முதலில் சொன்னபோது நான் எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா. வெளிநாட்டுப் பணத்தையும் தங்கத்தையும் போனிலேயே வாங்கி விற்க வழிசெய்து தரும் கம்பெனிகளைச் சோதித்து மதிப்பெண் போடுகிறேன் என்றாய். மாட்டிறைச்சியில் ஊதா முத்திரை குத்துகிறாரே அரசாங்க ஆள், அவரைப் போல என்று நினைத்துக்கொண்டேன். கோவிலில் பெண்களிடம் அப்படித்தான் சொல்லியும் வைத்தேன், என் மகன் முத்திரை குத்தினால்தான் அந்தக் கறியைச் சாப்பிடலாம் என்று. சிரித்தார்கள், பொறாமையும் பட்டார்கள், எனக்கு நன்றாக இருந்தது.

இரும்பாலையிலிருந்து அப்பாவை அனுப்பியபோது கொடுத்த பணம் வங்கியில் சும்மா கிடந்தது. ஜனவரியில் ஒரு நாள் நீ எழுதின பக்கத்தைப் போனில் தேடி எடுத்து எனக்குப் படித்துக் காட்டினார். உரிமம் உள்ள கம்பெனி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறைவு, பணம் கேட்டால் ஒரே நாளில் கைக்கு வரும், நாலரை நட்சத்திரம். "தங்கம் நம்ம வீட்டுக்கு வராது மாசிபியா, அதோட விலை ஏறுமா எறங்குமான்னு சரியாச் சொன்னாப் போதும்" என்றார். "அப்போ அது குதிரைப் பந்தயந்தானே" என்றேன் நான். "எந்தக் குதிரைக்கு உன் மகன் நட்சத்திரம் போட்டிருக்கான்?" என்று திருப்பிக் கேட்டார். அப்புறம் விரலை நனைத்துத் திரையைத் தள்ளி உன் படத்தையும் அதற்குக் கீழே மென்சிவோகுஹ்லே ஹதேபே என்று முழுப் பெயர் இருப்பதையும் காட்டினார். "ஹதேபேன்னு பேரப் போட்டு எழுதியிருக்கான். செத்துப்போன நம்ம ஆளுங்க அத்தனை பேரும் அந்தப் பேருக்குள்ளதான் இருக்காங்க. அதுக்குக் கீழ பொய் எழுத எந்த ஹதேபேக்கும் கை வராது." அவர் செய்த சோதனை அவ்வளவுதான் மகனே. வேறு யாராவது எழுதியிருந்தால் நாலு பேரிடம் விசாரித்திருப்பார்.

உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். உனக்குப் பெண் பார்க்கப் போகும்போது நம் வழக்கப்படி பெண் வீட்டுக்குச் சீராக ஓட்ட வேண்டிய பதினோரு மாட்டையும் தானே கொண்டுபோய் நிறுத்த வேண்டும், உன்னிடம் கை நீட்டக் கூடாது என்று அவருக்கு ஒரு வீம்பு. முதலில் கொஞ்சம் போட்டார், இருநூறு ரேண்ட் திரும்பக் கேட்டுப் பார்த்தார், நீ எழுதினபடியே மறுநாள் வந்தது. கோழி வாங்கி வந்தார். பிப்ரவரியில் மொத்தத்தையும் போட்டார். தினமும் காலையில் ஒருவன் கூப்பிடுவான், தேன் மாதிரிக் குரல், "அப்பா, இப்ப விட்டா போயிடும்ப்பா, நூறு வெச்சா எங்க கடன்ல அம்பதாயிரத்துக்கு ஆடலாம்ப்பா" என்பான். உன் அப்பாவை நீகூட அத்தனை தடவை அப்பா என்று கூப்பிட்டதில்லை. ஈஸ்டருக்கு முன்னால் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. மிச்சம் என்று திரையில் காட்டியதைக் கேட்டதற்கு முதலில் வரி கட்டுங்கள் என்றார்கள், கட்டினார், அதன் பிறகு அந்தக் குரல் எடுக்கவே இல்லை. ஜூலையில் கிணற்றடிக் குழாய்ப் பக்கம் விழுந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதுவரை மூன்று மாதம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்போதும் உன்னைக் குறை சொல்லவில்லை. "பையன் சரியாத்தான் எழுதியிருக்கான், எனக்குத்தான் ஆடத் தெரியல" என்றார்.

அடக்கத்துக்கு நீ வரவில்லை. விசா என்றாய், வேலை என்றாய், மாடு வாங்கப் பணம் அனுப்பினாய். அந்த மாட்டை அறுத்து ஊர் முழுக்கச் சாப்பிட்டது. நல்ல மகன் என்று என் காது கேட்கவே சொன்னார்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பூம்லா, வங்கியில் வேலை பார்க்கிறாளே அவள்தான், அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நம் மொழியில் சொன்னாள். உன் அப்பா படிக்காமல் விட்ட பொடி எழுத்து வரைக்கும். "உரிமம் ஏதோ தீவுல வாங்கினதும்மா, நம்ம நாட்டுல அவங்களுக்கு ஒண்ணும் கெடையாது" என்றாள். அப்புறம் நிறுத்திவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தாள். சொல்லுடி என்றேன். "இவர் படத்துக்குக் கீழ பொத்தான் இருக்குல்ல, அத அமுக்கி யாராவது கணக்குத் தொறந்து பணம் போட்டா, எழுதினவருக்கு ஒரு பங்கு போகும்மா. அப்படித்தான் இங்க போட்டிருக்கு." உன் அப்பா அந்தப் பொத்தானைத்தான் அமுக்கினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அவர் சரியாக அமுக்க வேண்டுமே என்று போனை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் விட்டதும் ஸ்வானே வந்தார், அப்பாவோடு இரும்பாலையில் இருந்தவர், அவருக்கும் பணம் வந்திருக்கிறது. "மாசிபியா, உங்க பையன் எழுதின பக்கத்த எனக்கும் அனுப்பிவிடுங்க, நம்ம பையன் சொன்னா நம்பலாமே" என்றார். அப்பா பணத்தை இழந்ததை நாங்கள் வெளியே சொல்லவே இல்லை. எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். "போடாதீங்க, என் பையன் காசு வாங்கிட்டு எழுதினது அது, அவங்க அப்பா போட்டு அதுலதான் போனாரு" என்றேன். ஒருத்தி என் சால்வையைச் சரிசெய்துவிட்டாள். பெற்ற பிள்ளையை ஊர் நடுவில் வைத்து நானே வெட்டியதுபோல் இருந்தது, வெட்டினதற்கு வருத்தப்படவும் இல்லை.

அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதே நாலரை நட்சத்திரம். நேற்றும் பூம்லா பார்த்தாள். அதை எடு. எடுக்க உனக்கு அதிகாரம் இல்லை என்றால் உன் பெயரையாவது எடு, அது உனக்கு மட்டும் சொந்தமில்லை. வருகிற ஜூலையில் நான் இந்தக் கறுப்பைக் கழற்றி எரிக்கும் நாளில் ஹதேபேக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி அப்பாவின் ஆவியை வீட்டுக்கு அழைக்க வேண்டியவன் நீ. பக்கம் அப்படியே இருந்தால் வராதே, உன் சித்தப்பாவைச் சொல்லச் சொல்கிறேன்.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், வெளிச் சாப்பாட்டைக் குறை. முன்னோர்கள் உன் காலடியைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக அவர்கள் உன்னை விட்டுவிட வேண்டாம் என்று அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
மாசிபியா,
மடடேனி.

மடிப்பதற்கு முன் இன்னொன்று. யார் யார் உன் பொத்தான் வழியாக வந்து பணம் போட்டார்கள் என்று உனக்கு மாதாமாதம் பட்டியல் வருமாம், பேரும் ஊரும் போட்டு, பூம்லா விசாரித்துச் சொன்னாள். பிப்ரவரிப் பட்டியலில் மடடேனி, ஹதேபே என்று வந்தபோது அது யாரென்று நினைத்தாய்?