வெள்ளை ஜம்பரைக் காணவில்லை

1953 ஜூலை 6, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். தையல் மெஷின் பெல்ட் ஈரத்தில் தொய்ந்து வழுக்குகிறது. இரணியல் போனால் பெல்ட்டுக்குப் பூச மெழுகு வாங்க வேண்டும்.

இன்று ரவிக்கைக்கு அளவெடுக்கும் பாடம். பாடமாவது மண்ணாவது. டேப்பைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அத்தனை பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ரோசம்மை சிலுவை போட்டாள்.

"எனக்க மாப்பிள்ளைய இப்பிடித்தான் அளந்தாவ டீச்சர். சவப்பெட்டி அடிக்க ஆசாரி வந்து, தலையில இருந்து கால் வரைக்கும். உசிரோட இருக்கிற ஆளை அளக்கப்பிடாது."

"அளந்தா ஆயுசு கொறையும்" என்று செல்லத்தாய் ஒத்துப் பாடினாள். ரோசம்மை மாதா கோவில், செல்லத்தாய் அய்யாவழிப் பதி. வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள். என்னை எதிர்க்க மட்டும் எப்படித்தான் ஒன்றாகிறார்களோ.

தொண்டை வற்றக் கத்தினேன். பலனில்லை. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். வீட்டில் ஆளுக்கு ஒரு பழைய ஜம்பர் இருக்குமே, அதைத் துணி மேல் விரித்து, அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். ஊர் முழுக்க அப்படித்தானே தைக்கக் கொடுக்கிறார்கள். உடனே எல்லா முகத்திலும் வெளிச்சம்.

மாதர் சங்கத்து செக்ரட்டரி அம்மா 18ஆம் தேதி வருகிறார்கள். ஒவ்வொருத்தியும் தான் தைத்த ஜம்பரைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு மூடல், மெஷின் வேறு ஊருக்கு. மெஷின் போனால் நானும் போக வேண்டும். மார்த்தாண்டத்துக்கு, அண்ணன் வீட்டுக்கு, மைனியின் அடுப்படிக்கு. "எங்க நாத்தனா சும்மாதான் இருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதை ஆயுள் முழுக்கக் கேட்க என்னால் ஆகாது.

திண்ணைக் கொடியில் காயப்போட்ட வெள்ளை ஜம்பரைக் காணோம். என்னிடம் உள்ளதில் நல்லது அது ஒன்றுதான்.

ஜூலை 8, புதன்

ஜம்பர் கிடைக்கவில்லை. செல்லத்தாயின் ஆடு திங்களன்று கொடிக்குக் கீழேதான் நின்றது. நேரே போய்ச் சண்டை போட்டேன். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள் இன்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா டீச்சர், அந்த மூதேவிதான் தின்னிருக்கும். நான் அதைக் கெட்டிப் போடுகேன்."

அவள் வாயில் மன்னிப்பா. உலகம் எங்கே போகிறது.

நல்ல சேதி ஒன்று. எல்லாரும் துணி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதுவும் எப்படி! கைக்குழி வளைவு அத்தனை சுத்தம், கழுத்து கச்சிதம். நான் எத்தனையோ முறை சொல்லியும் ஏறாதது இரண்டே ராத்திரியில் எப்படி ஏறியது? வாயாரப் பாராட்டினேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 11, சனி

மெழுகு வாங்க மறந்தேன். ஊசி உடைந்தது. பொன்னம்மை மிதிக்கும்போது செல்லத்தாய் சக்கரத்தைச் சுற்றுகிறாள், உதவியாம். எது யார் முறை என்று தினமும் பஞ்சாயத்து.

"நீ நேத்து இருந்தியா இல்லியா?"

"இருந்தேன். அதுக்கு? நூலு அறுந்து அறுந்து நான் என்னத்த தைச்சேன்?"

தலை விண் விண் என்று தெறிக்கிறது. போதாக்குறைக்கு அண்ணன் ஆள் விட்டிருந்தார். "உள்ளதைக் கெட்டிப் பெறக்கிட்டு வரச் சொன்னாவ." அடுத்த சனிக்கிழமை கழித்துப் பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஆனாலும் பாதிக்கு மேல் தைத்து முடித்துவிட்டார்கள். தையல் கோணல்தான். ஆனால் ஜம்பர் என்று சொல்லலாம்.

ஜூலை 15, புதன்

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

எல்லாம் தைத்தாகிவிட்டது, போட்டுப் பாருங்கள் என்றேன். கதவைச் சாத்தினோம். முதலில் செல்லத்தாய். இரண்டு கையும் எப்படியோ நுழைந்துவிட்டது, முன்பக்கம் ஒரு சாண் திறந்து கிடக்கிறது. கழற்றவும் முடியவில்லை. "ஏட்டி, பிடிச்சு இழுங்க, எனக்கு மூச்சு முட்டுகு!" ரோசம்மைக்குத் தோள் ஏறவே இல்லை. மற்றவர்களுக்கும் அதே கதி. பொன்னம்மைக்கு மட்டும் கச்சிதம். அவள் என்னைப் போல ஒல்லி.

மற்றவர்களின் ஜம்பர்களை வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தேன். நூலிழை வித்தியாசமில்லை. எல்லாம் ஒரே அளவு.

"யாரோட அளவு ஜம்பர்?"

மறுபடியும் கேட்டேன். இந்தத் தடவை ஓட்டுக்கூரை அதிர்ந்திருக்கும். பொன்னம்மை எழுந்து வீட்டுக்குப் போய், முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்து மேஜை மேல் வைத்தாள். என் வெள்ளை ஜம்பர். துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து.

"எங்க வீட்டு ஜம்பரெல்லாம் கக்கத்துல கிழிஞ்சு தொங்குகு டீச்சர். அதைக் கொண்டுவந்து உங்க முன்னால எப்பிடி விரிக்க?" என்றாள் ரோசம்மை.

"உங்க ஜம்பரு தோளுல என்ன அழகா நிக்கும்! அதை வச்சு வெட்டினா எங்களுக்கும் அப்பிடியே நிக்கும்ணு நெனச்சோம்" என்றாள் செல்லத்தாய். அப்போதும் கையை மடக்க முடியாமல் அந்த ஜம்பருக்குள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஆளாளுக்கு ஒரு நாழிகை என்று முறை வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக வீடு வீடாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். மெஷினுக்கு முறை வைக்கத் தெரியாது. இதற்குத் தெரிந்திருக்கிறது.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "போங்க, எல்லாரும் போங்க" என்றது நினைவிருக்கிறது. அவர்கள் போன பிறகு அழுதேன். கோபத்தில் என்றுதான் நினைத்தேன். அது மட்டுமில்லை.

ஜூலை 16, வியாழன்

யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் வந்தார்கள், வாசலிலேயே நின்றார்கள்.

யோசித்துப் பார்த்தேன். ஒரே வழி, இரண்டு பக்கமும் பிரித்து, கக்கத்திலிருந்து கீழே வரை பட்டை கொடுப்பது. யாருக்கு எத்தனை அகலம்? அளந்தால்தானே தெரியும்! மறுபடியும் டேப்.

எனக்கு ஒரு வெறி வந்தது. டேப்பை ரோசம்மை கையில் திணித்தேன். "என்னை அளங்க" என்றேன். கையை விரித்து நின்றேன்.

"வேண்டாம் டீச்சர். உங்களுக்கு என்ன வயசாச்சு? இனிதான் வாழணும்."

"அளங்க!"

முணுமுணுவென்று ஜெபம் சொல்லிக்கொண்டே அளந்தாள். மார்பு, இடுப்பு, தோள். பொன்னம்மை உரக்கத் திருப்பிச் சொன்னாள். முடிந்ததும் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் இருமினேன். வேண்டுமென்று இல்லை, நூல் தூசி. செல்லத்தாய் "எம்மா!" என்று அலறிவிட்டாள். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான்.

சிரித்து ஓய்ந்ததும் ரோசம்மை டேப்பை என்னிடம் தந்து, கண்ணை மூடி, கையை விரித்தாள்.

"அளங்க டீச்சர். வாறது வரட்டும்."

பட்டைக்குத் துணி வேண்டுமே. சங்கம் தந்தது எல்லாம் தீர்ந்தது. மேஜை மேல் என் வெள்ளை ஜம்பர். கத்திரியை எடுத்தேன். "ஐயோ டீச்சர், அதை வெட்டாதிங்க" என்று பொன்னம்மை கையைப் பிடித்தாள். வெட்டினேன். போதவில்லை. ரோசம்மை வீட்டுக்கு ஓடிப்போய், கோவிலுக்குத் தோளில் போட்டுப் போகும் தன் கவணியைக் கொண்டுவந்து, கத்திரிக்குக் கீழே வைத்தாள்.

ஜூலை 18, சனி

மழை இல்லை. செக்ரட்டரி அம்மா வந்தார்கள். எல்லாரும் வரிசையாக, கையை உடம்போடு இறுக்கிக்கொண்டு. தூக்கினால் கக்கத்து வெள்ளைப் பட்டை தெரியுமே. வணக்கம்கூட முழங்கையை விலாவில் ஒட்டியபடிதான் சொன்னார்கள்.

"இவங்களுக்கெல்லாம் கையில என்ன கோளாறு?" என்று செக்ரட்டரி அம்மா என்னைக் கேட்டார்கள். தீர்ந்தது, மைனியின் அடுப்படிதான் என்று நினைத்தேன்.

செல்லத்தாய் இரண்டு கையையும் உச்சிக்குத் தூக்கினாள்.

"ஒரு கோளாறும் இல்ல. இந்தப் பட்டை டீச்சருக்க ஜம்பரு. எங்களுக்கு அளவு தெரியாமப் போச்சு, அவிய சொந்தத் துணிய வெட்டித் தந்தாவ. இப்பம் அளவு தெரியும். நீங்க நில்லுங்க, உங்களையும் அளந்து காட்டுகோம்."

மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கினார்கள். செக்ரட்டரி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பார்த்தார்கள். மெஷின் இங்கேயே கிடக்கட்டும் என்றார்கள். பெல்ட் ஏன் இப்படி வழுக்குகிறது என்று என்னைத் திட்டவும் செய்தார்கள்.

சாயங்காலம் ரோசம்மை வந்தாள். கவணி இல்லாமல் வெறும் தோளோடு. "நல்லதா ஒரு வெள்ளைத் துணி எடுங்க டீச்சர். உங்க அளவு எனக்க மனசுல இருக்கு, நான் தைச்சுத் தாறேன்."

நாளைக்கு: மெழுகு. ரோசம்மைக்கும் ஒரு கவணித் துணி. அண்ணனுக்கு ஆள் விட வேண்டும், வரவில்லை என்று. செல்லத்தாயின் ஆட்டுக்கு ஒரு கட்டு பலா இலை, தின்னாத ஜம்பருக்காக.