அமைச்சுக்கு நான் எழுதிய இரண்டாவது கடிதம்

பிரீசரைத் துப்புரவாக்கும்போது அடித்தட்டில் ஒரு பொதி அகப்பட்டது. உறைபனியைச் சுரண்டிப் பார்த்தால் உமது கையெழுத்து: "மரை, முன்கால், கறிக்கு." இங்கே எல்க் என்று சொல்லும் மிருகத்தை நீர் கடைசிவரை மரை என்றே சொன்னீர். இரண்டும் வேறு மிருகங்கள் என்று நான் ஒருமுறை திருத்தியபோது, "சட்டிக்குள்ள போனாப் பிறகு ரெண்டும் ஒண்டுதான்" என்றீர்.

நீர் போய் ஏழு மாதமாகிறது. அந்தப் பொதியைத் தொட மனம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். அன்றைக்கே சமைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவி வைத்த பிறகு, உமக்கு எழுத வேண்டிய ஒன்றை இன்னும் எழுதவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஒஸ்லோவில் நான் அறிந்த தமிழரில் வேட்டைக்குத் துவக்கு வைத்திருந்த ஒரே ஆள் நீர்தான். ரொம்மனில் உமது வீட்டுச் சாமான் அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், சுவரோடு ஆணியடித்துப் பொருத்திய இரும்பு அலுமாரி. வருகிறவர்கள் அதை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். "ஆருக்கு அக்கா இது?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். "மரைக்கு. நீர் ஏன் வேர்க்கிறீர்?" என்றீர்.

வயோதிபர் இல்லத்தில் உம்மோடு வேலை செய்த பெண்ணின் கணவர், லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் காணி வைத்திருந்த நோர்வேக்கார விவசாயி. அவர்தான் உம்மை வேட்டைக்காரர் வகுப்புக்கு அனுப்பி, பிறகு தன் குழுவிலும் சேர்த்தவர். இந்த நாட்டின் வடக்கில் மீன் தொழிற்சாலையில் எட்டு வருடம் நின்றதில் உமது வலது தோள் பழுதாகியிருந்தது. சாதாரண வேட்டைத் துவக்கின் உதைப்பை அந்தத் தோள் தாங்காது; ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குண்டேற்றப் பூட்டை இழுத்துத் தள்ளவும் விடாது. அதனால் தானாகவே அடுத்த ரவையை ஏற்றும் வகையில் ஒன்றை அவரே தேடித் தந்தார். அதன் உதைப்பும் குறைவு. காட்டில் ஒரு மரத்தடியில் காலையிலிருந்து அசையாமல் நிற்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அங்க ஒருத்தரும் என்னட்ட எங்கயிருந்து வந்தனீர் எண்டு கேக்கிறேல்ல. கதைக்கக் கூடாதெல்லோ, அதான்" என்றீர்.

பிறகு அந்த வகைத் துவக்குகளில் சிலவற்றைக் கட்டுப்படுத்த அரசு ஒரு வரைவைக் கொண்டுவந்தது. இந்த நாட்டு வழக்கப்படி, சட்டம் மாறுமுன் எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். யாரும் அமைச்சுக்கு எழுதலாம். எழுதியதை யாரும் கேட்டு வாங்கி வாசிக்கலாம். உமது குழு கொதித்துப்போயிருந்தது. நாற்பது வருடமாகத் துவக்கு வைத்திருக்கிறேன், இப்போது அதன் தோற்றத்தைப் பார்த்து என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்றார் விவசாயி. இன்றைக்கு இது, நாளைக்கு எது என்று மற்றவர்கள் கேட்டார்கள். உமது கவலை அதைவிடச் சிறியது, தெளிவானது. "இது போனா வேற துவக்கு எனக்குச் சரிவராது. குழுவில வேட்டை நாயைப் பிடிச்சுக்கொண்டு போற வேலைதான் மிஞ்சும்."

நகரசபைக் கந்தோரில் கடிதம் எழுதுவதே என் வேலை. "கந்தோர்க்காரி, நீர்தான் எழுதித் தரவேணும்" என்று வந்து நின்றீர். எனக்கு உடன்பாடில்லை, அரசு சொல்வதுதான் சரி என்றேன்.

"தெரியும். அதுக்குத்தான் உம்மட்ட வந்தனான். நீர் எழுதினா ஒருத்தரும் ஓட்டை கண்டுபிடிக்க ஏலாது."

எழுதினேன். தோள், மருத்துவச் சான்று, இரும்பு அலுமாரி, வருடாந்தச் சூட்டுப் பரீட்சை, எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. நம்பாத ஒன்றை நன்றாக எழுதுவது எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் அன்றைக்கு அது உறுத்தியது. பத்து நாள் கழித்து, என் பெயரில், வரைவை ஆதரித்து இன்னொரு கடிதம் எழுதினேன். அதை உமக்குச் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தில் வாதம் இருந்தது, உயிர் இல்லை. நான் சண்டைக்கு முன்பே மாணவியாக யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவள். என்னைக் குறிவைத்து ஒரு துவக்கும் ஒருநாளும் உயர்ந்ததில்லை. ஆகவே உம்முடைய கதையை எடுத்தேன். ஊரை விட்டு வருவதற்கு முந்திய வருடம் திருகோணமலையில் உமது வீட்டுக்குள் நடந்ததை, நீர் ஒரேயொரு தடவை எனக்குச் சொன்னதை. பெயர் போடவில்லை, ஊரை மட்டும் போட்டேன். "இப்போது இந்த நகரத்தில் வாழும் ஒரு பெண்" என்று எழுதினேன். பெயரை விட்டால் போதும் என்று நினைத்தேன்.

விவசாயி எல்லாக் கடிதங்களையும் கேட்டு வாங்கியிருக்கிறார். தமிழ்ப் பெயர் ஒன்றைக் கண்டதும் உமக்கு ஆதரவாக யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணி, அச்சடித்துக் கூட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார். திருகோணமலையிலிருந்து வந்த பெண் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒரு ஆள்தான். கூட்டம் முடிந்ததும் அவர் உம்மைத் தனியே அழைத்து, மிக அன்பாகக் கேட்டாராம்: "துவக்குப் பிடிப்பது உனக்குப் பாரமாக இல்லையா? இந்த வருடம் ஓய்வெடுத்தால் என்ன?"

சட்டம் வந்தால் போகும் என்று நீர் பயந்த இடம், சட்டம் வருமுன்னரே என் கடிதத்தால் போகப் பார்த்தது.

நீர் தொலைபேசியில் சத்தம் போடவில்லை. "சனிக்கிழமை லில்லெஸ்ட்ரோம் ஸ்ரேசனில வந்து நில்லும்" என்று மட்டும் சொன்னீர். அங்கிருந்து உமது காரில் சூட்டுத் திடலுக்குப் போனோம். அன்று பரீட்சை. மரையின் உருவம் வரைந்த பலகை, அதில் ஒரு வட்டம், ஐந்து வெடி. விவசாயியும் மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். எனக்குக் காது மூடியை மாட்டிவிட்டீர். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் நான் துள்ளினேன், நீர் துள்ளவில்லை. ஐந்தும் வட்டத்துக்குள். விவசாயி அட்டையில் கையெழுத்து வைத்துவிட்டு, "இந்த வருடமும் பழைய மரத்தடியில்தான் நிற்கிறாய்" என்றார். அட்டையை உம்மிடம் நீட்டினார். அவர்கள் அப்படித்தான்.

காரில் நீர்தான் தொடங்கினீர்.

"எதிர்த்து எழுதினதுக்கு நான் கோவிக்கேல்ல. அது உம்மட எண்ணம்."

"பின்னை?"

"அது என்ர கதை. கேட்டிட்டு எடுத்திருக்கலாம்."

"கேட்டிருந்தா தந்திருப்பீரோ?"

"இல்லை."

கடிதத்தைத் திருப்பித் தரும்படி அமைச்சுக்கு எழுதுகிறேன் என்றேன். சிரித்துவிட்டீர். "விடும். திருப்பி எடுத்தா, எடுத்ததையும் பதிஞ்சு வைப்பாங்கள்." அதன் பிறகும் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் இறைச்சிப் பொதி வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். விளக்கம் சொன்னேன். அது வேறு.

அந்த வரைவு இன்னும் அமைச்சில் கிடக்கிறது. என் எண்ணமும் மாறவில்லை. அந்தத் துவக்குகள் குறைய வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். உம்முடையதை உமது மகள் பொலிசில் ஒப்படைத்தாள். உமது இறுதிச் சடங்கில் விவசாயி கறுப்புக் கோட்டோடு வந்து, குழுவின் செய்தித்தாளுக்கு உம்மைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். "அவள் அங்கே பட்டதை எல்லாம் எழுது, நீதான் நன்றாக எழுதுவாயே" என்றார். மீன் தொழிற்சாலையையும் தோளையும் ஐந்து வெடியையும் எழுதிக் கொடுத்தேன். குறைவாக இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார்.

போன மாதம் உமது மகள் பியோர்ண்டாலில் என் வீட்டுக்கு வந்தாள். அமைச்சிலிருந்து என் கடிதத்தை அவளும் எடுத்து வாசித்திருக்கிறாள்.

"அன்ரி, இது முழுக்கதை இல்லை எல்லோ? அம்மா உங்களுக்கு வேற என்ன சொன்னவா?"

அவள் கேட்டது சரி. கடிதத்தில் நான் எழுதியது நீர் சொன்னதில் பாதிதான். மற்றது வாதத்துக்குத் தேவைப்படவில்லை. உமது பிள்ளை, கேட்க எல்லா உரிமையும் உள்ளவள். "அம்மா சொல்லச் சொல்லேல்ல, பிள்ளை" என்றேன். அவள் கோபத்தோடு எழுந்து போனாள். வாசலில் சப்பாத்துப் போடும்போதும் என்னைப் பார்க்கவில்லை.

நான் செய்தது சரியோ தெரியவில்லை. மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது. இந்த மடலிலும் அதை எழுதவில்லை.