சர்க்கரை இல்லாத வீடு

காஸாபிளாங்கா
20 அக்டோபர் 1986

அன்புள்ள ஹனிய்யாவுக்கு, பத்ரிய்யாவின் ஸலாம்.

உன் கணவர் மக்கி மவுத்தான செய்தி கேட்டதும் ஓடி வந்திருக்க வேண்டும். காய்ச்சல் படுக்கையில் தள்ளிவிட்டது. தந்தி ஆறுதல் ஆகுமா? நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை நீ வாசல் தாண்ட முடியாது. வெள்ளை உடுத்திக்கொண்டு அந்த வீட்டில் தனியாக என்னடி செய்கிறாய்?

இங்கே நானும் தனிதான். பேச ஆளில்லாமல் ஒரு விதவையின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் துக்கத்துக்கு முன்பே தொடங்கியது, தப்பாக நினைக்காதே. பத்திரிகை ஆசிரியர் மறுபடியும் திருப்பிவிட்டார். "எல்லாம் இருக்கும்மா, உயிர்தான் இல்ல" என்கிறார். இதுவும் போனால் நான் பேனாவை மூடிவைக்க வேண்டியதுதான். இத்துடன் அனுப்பியிருக்கிறேன், படித்துச் சொல்லேன்.

உன் பத்ரிய்யா


சாஃபி
3 நவம்பர் 1986

என் கண்ணான பத்ரிய்யாவுக்கு,

படித்தேன். உன் விதவை ஏனடி இப்படி அழுகிறாள்? காகிதம் நனையாததுதான் பாக்கி. நான்கூட அவ்வளவு அழவில்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்த நாளில், "நான் தொடாதத இந்த வீட்டுல யாரும் தொடக்கூடாது" என்று சட்டம் போட்டார். கெட்டவர் இல்லை, ஒருநாளும் கை ஓங்கியதில்லை. ஆனால் இனிக்காத தேநீரை நம் ஊரில் யாருக்கு ஊற்றுவது? முதலில் விருந்தாளிகள் நின்றார்கள், பிறகு அக்கம்பக்கம். "ஹனிய்யா வீட்டு டீயா? அதுக்குக் கடல் தண்ணியே தேவல!" என்று தெருவே சிரித்தது. வருடக்கணக்காக என் வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை.

அவர் மவுத்தான அன்று, வழக்கப்படி ஆளுக்கொரு கூம்புச் சர்க்கரையோடு துக்கம் கேட்க வந்தார்கள். சமையலறையில் அடுக்க இடமில்லை. கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருக்க, நான் கதவைச் சாத்தி ஒரு கூம்பை உடைத்து, புதினா போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தேன். சந்தோஷமாக இருந்தது பத்ரிய்யா. வாய் நிறைய இனிப்பு, வீடு நிறைய ஆட்கள். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

ஹனிய்யா


காஸாபிளாங்கா
15 நவம்பர் 1986

ஹனிய்யா,

கிழித்துவிட்டேன். படித்த மனதை என்ன செய்வது? உட்கார்ந்தவள் எழுந்திருக்காமல் எழுதி முடித்தேன். இத்தனை நாள் நான் தேடிய உயிர் உன் சமையலறையில் இருந்திருக்கிறது! ஆசிரியர் கைகுலுக்கிவிட்டு, "ஜனவரியில போட்டுடலாம்" என்றார். பயப்படாதே. ஊரை ஃபெஸ் ஆக்கிவிட்டேன், கணவரைத் தையற்காரர் ஆக்கிவிட்டேன், உன் பெயரும் இல்லை. சரி என்று ஒரு வரி எழுது.

பத்ரிய்யா


காஸாபிளாங்கா
18 டிசம்பர் 1986

ஹனிய்யா,

பதிலே இல்லையே? அச்சுக்குப் போகும் நேரம். கல்யாணப் பெண் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்பதுதானே நம் வழக்கம். அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கோபமிருந்தால் திட்டியாவது எழுது.

பத்ரிய்யா


சாஃபி
25 பிப்ரவரி 1987

பத்ரிய்யாவுக்கு,

இத்தா முடிந்தது. வெள்ளையைக் களைந்துவிட்டு ஹம்மாமுக்குக் குளிக்கப் போனேன். நான் உட்கார்ந்ததும் பெண்கள் தங்கள் வாளிகளை நகர்த்திக்கொண்டார்கள். எதிர்வீட்டு லல்லா தாமுதான் வாயைத் திறந்தாள்: "புருசன் போன அன்னிக்கே டீ போட்டுக் குடிச்ச மகராசி இவதான்டி!" மருந்துக்கடைக்காரர் மகள் மொட்டைமாடியில் உன் கதையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். நீ ஊரை மாற்றினாய், பெயரை மாற்றினாய். சர்க்கரை இல்லாத வீடு எது என்று இந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியுமே. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பேசாமல் இருந்தால் சம்மதம் என்றாய். என் நிக்காஹ் அன்றும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். பேனாவை மூடிவைப்பேன் என்று நீ எழுதியது ஞாபகம் வந்து கை ஓடவில்லை. நீயே புரிந்துகொள்வாய் என்று இருந்துவிட்டேன்.

கதையை நானும் வாங்கிப் படித்தேன். நல்ல கதை. அழுதேன். ஒரே ஓர் இடம்தான் பொய். மனம்விட்டுச் சொல்ல அவளுக்கு இந்த உலகத்தில் ஒருவருமே இல்லை என்று முடித்திருக்கிறாய்.

எனக்கு அப்போது நீ இருந்தாய். இனி எனக்கு எழுதாதே.

ஹனிய்யா