தூரத்தில் போட்ட ஊசி

சின்னமனூர், பங்குனி, வியாழக்கிழமை

எங்கள் தெருவில் ஒரு பெண் வாந்திபேதியில் இறந்துபோனதால் இன்று வீடு வீடாகக் காலரா ஊசி போட வந்தார்கள். நான் வீட்டுக்குத் தூரமாகிப் பின்கட்டில் தனியாக இருந்தேன். என் மகள் செல்வி ஊசிக்கு அழுவது கேட்டது.

"வீட்ல வேற யாரும் இருக்காகளா?" என்று நர்ஸ் கேட்டார்.

"யாருமில்ல" என்றார் என் மாமியார் அத்தை.

இறந்தவளும் நானும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். எழுந்து முன்வாசலுக்கே போய்விட்டேன்.

"நான் தூரம். எனக்குப் போடலாமா?"

"அதனால ஒண்ணுமில்லம்மா, கையக் காட்டு" என்று நர்ஸ் போட்டுவிட்டார்.

அவர்கள் போனதும் அத்தை பிடித்துக்கொண்டார். "தூரத்துல ஊசி போட்டா உதிரம் நிக்காது. அப்புறம் புள்ள எங்கன தங்கும்? லோயர் கேம்ப்ல வேல பாக்குற எம் மகன் வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

போன வருஷம் எனக்குக் கரு கலைந்ததைப் பற்றி இருவருமே பேசவில்லை.

சாயங்காலத்திலிருந்து கை கனக்கிறது. உதிரமும் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிகிறது. பயத்தில் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. செல்விக்கும் காய்ச்சல். உள்ளே, "அம்மாட்ட போறேன்" என்று அழுதுகொண்டே இருந்தாள். நான் தொடக்கூடாது.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தையே அவளைத் தூக்கி வந்து என் மடியில் கிடத்தினார். "நீயே வச்சுக்க. தீட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

திரும்பிப் போனவர் நின்று, மெல்லக் கேட்டார். "ரொம்பப் போகுதா, ஆத்தா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.