லேப்டாப்பைத் திறந்த விவரம்

திருவனந்தபுரம்
ஆகஸ்ட் 19

கர்த்தருக்குள் பிரியமான மகன் பிபினுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று கவுன்சலர் ஸ்ரீலட்சுமி மேடம் போனில் சொன்னார். கேமைத் தொடாமல் அந்த மையத்தில் முப்பத்திரண்டு நாள் இருந்துவிட்டாயாம். ஸ்தோத்திரம்.

உன் மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றிலும் லேப்டாப். ரேம் மாற்றியாச்சா, எஸ்எஸ்டி போட்டாச்சா, ஃபேனைச் சுத்தம் செய்தாச்சா. அம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு போட்டு ஐந்து வாரம் ஆகிறது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தபால்காரரிடம் அவள்தான் கடிதத்தை வாங்குகிறாள். இடது கையால் கிழித்து, கடைசிவரை படித்துவிட்டு என்னிடம் தருகிறாள். தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

நாற்பத்தைந்து நாள் அங்கே இருந்துவிட்டு வா, லேப்டாப்பை நீ கேட்ட மாதிரி மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். கேம் பழக்கத்தை விடப் போகிறவனுக்கு அதே லேப்டாப்பை வேகமாக்கித் தருவதாகச் சொன்ன தகப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று உன்னை ஆட்டோவில் ஏற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதெல்லாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். ‘வாக்கு குடுத்தாச்சுல்லா, செஞ்சு வையுங்க. பொறவு அவன் நம்மள எப்படி நம்புவான்’ என்றாள் அம்மா.

கடையில் கொடுக்காமல் நானே திறந்ததற்குக் காரணம் உண்டு. தம்பானூர் கடைக்கு ரேம் வாங்கப் போனபோதே, ‘பிபின் எவிடெ அங்கிளே, காணானேயில்லல்லோ’ என்று உன்னை விசாரித்தான் கடைக்காரன் பிரதீஷ். பெங்களூரில் ட்ரெயினிங் என்றேன். சபையில் சென்னை என்று சொல்லி வைத்திருக்கிறேன். எந்த ஊரை யாரிடம் சொன்னேன் என்று எனக்கே குழம்புகிறது. அந்தக் குழப்பத்தில் மேஜை கம்ப்யூட்டருக்குப் போடுகிற ரேமைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை லாட்ஜ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடிப்பக்கம் பதினொரு ஸ்க்ரூ. பத்து வந்தது, மூலையில் ஒன்று வரவில்லை. மூக்குக்கண்ணாடி முறுக்குகிற சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகித் திருகி அதன் தலையையே மழுக்கிவிட்டேன். ஒரு கட்டத்தில் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. அம்மா வந்து சுத்தியலை வாங்கி வைத்துவிட்டு, ஒரு ரப்பர் பேண்டை ஸ்க்ரூவின் தலையில் வைத்து அதன்மேல் அமுக்கித் திருப்பச் சொன்னாள். மிக்ஸிக்கு அப்படித்தான் செய்வாளாம். லேப்டாப் நழுவாமல் இடது கையால் அவளே பிடித்துக்கொண்டாள். வந்துவிட்டது.

உள்ளே ஃபேனில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. கூடவே மிக்சர் துணுக்கு, தலைமுடி. நீ அந்த அறையின் ஜன்னலைத் திறந்தே ஒரு வருடம் ஆயிற்றே. எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு ரேமை வைத்துப் பார்த்தால், இருக்கிற இடத்தைவிட இரண்டு மடங்கு நீளம். மறுபடியும் தம்பானூர். கவரைக் கிழித்தாயிற்று, திருப்பி எடுக்க முடியாது என்றான் பிரதீஷ். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். பாவம், மாற்றிக் கொடுத்துவிட்டான்.

அதன்பிறகு உன் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு செய்தேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், படம் வேறு. முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். இழுக்காதீர்கள், நகத்தால் மெல்ல நெம்புங்கள். ரேமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். சரித்து வைத்துப் பதமாக அமுக்குங்கள், பலம் காட்டாதீர்கள். ‘பலம் காட்டாதீர்கள்’ என்பதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறாய்.

அந்த வரியில் என் கை நின்றுவிட்டது. சார்ஜரைப் பிடுங்க வந்த அம்மாவின் கையை முறுக்கித் தள்ளினாயே, அன்றைக்கு இந்தப் பதமெல்லாம் எங்கே போயிருந்தது பிபின்? குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அவள் ஆஸ்பத்திரியில் சொன்னாள். உன்னைச் சேர்க்கும்போதும் நாங்கள் அதையேதான் சொன்னோம். உனக்குத் தருவதற்கு முன் இந்தக் கடிதத்தை மேடம் வாசிப்பார் என்று தெரியும். வாசிக்கட்டும். எனக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது.

ரேம், எஸ்எஸ்டி எல்லாம் போட்டாயிற்று. லேப்டாப் ஓடுகிறது. என் வாக்கு முடிந்தது. நீ வந்து அதன் முன்னால் மறுபடியும் எப்படி உட்காருவாய் என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. எனக்குக் கோபமும் போகவில்லை.

செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை உன்னை அழைக்க வருகிறோம். அம்மாவின் கட்டை வருகிற புதன்கிழமை பிரிக்கிறார்கள். நீ பார்க்கும்போது கையில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். மையத்தின் கேட்டுக்கு வெளியே நிற்பாள். ‘என்ன மக்ளே, மெலிஞ்சு போயிட்டியே’ என்று அவள்தான் முதலில் பேசுவாள். எனக்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம். லேப்டாப்பைக் கேட்பதற்கு முன்னால், கை வலிக்கிறதா அம்மா என்று ஒரு தடவை கேட்டுவிடு.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. நான் எழுதித்தான் கேட்டாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். வாசித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
தாசையன்