வரிக்கு வரி இடம் விட்டு

கோபித்துக்கொண்டு போன என் மகனுக்கு,

நேற்று பள்ளிக்கூடத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு நீ போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிறப்பு ஆசிரியை ஒரு பாடத்தை வாசித்துக் காட்டி, உன் மகளிடம் கேள்வி கேட்டாள். வாயாடி, ஒன்று விடாமல் பதில் சொன்னாள். "இதே பாடத்துலதான் பாட்டி, போன வாரம் முட்டை வாங்கினேன்" என்று சிரிப்பு வேறு.

"இது டிஸ்லெக்சியாம்மா. புத்தியில ஒரு குறையும் இல்ல, எழுத்து பிடிபடத்தான் நேரமாகும். பரீட்சையில கேள்விய நாங்களே வாசிச்சுக் காட்டுவோம், கூடுதல் நேரமும் தருவோம். அவங்கப்பா சம்மதிக்கணும்" என்றாள் ஆசிரியை.

நீயோ, "என் பொண்ணுக்கு எந்தப் பட்டமும் வேணாம்" என்று கத்திவிட்டாய். உன்னை மரமண்டை என்று வகுப்புக்கு முன்னால் நிற்கவைத்த வாத்தியாரை நான் மறப்பேனா? அவர் செத்தபோது துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை. ஆனால் இந்த ஆசிரியை அவரைப் போல இல்லையடா. உனக்குக் கிடைக்காதவள் உன் மகளுக்குக் கிடைத்திருக்கிறாள்.

யார் எந்தத் தாளை நீட்டினாலும் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்கிறாய். உன் மனைவிக்குக்கூடக் காரணம் தெரியாது. நானும் சொன்னதில்லை.

ஆசிரியை சொல்லிக்கொடுத்தபடி எழுத்தைப் பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருக்கிறேன். யாரிடமும் கொடுக்காமல் நீயே மெதுவாக வாசி.

பரீட்சைக்கு முன்னால் உன் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சம்மதம் சொல். போகும் வழியில், அப்பாவுக்கும் எழுத்து இப்படித்தான் என்று உன் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடு.

உன் அம்மா