அச்சில் கட்டிய தாலி

அக்கா,

இன்று காலை பரணை ஒழித்தபோது உங்கள் சீயக்காய்த்தூள் டப்பா ஒன்று கிடைத்தது. திறந்தால் வெறும் தகரம்தான். ஆனாலும் வெந்தயமும் பூலாங்கிழங்குமாக அந்த வாசம் போகவில்லை. பேத்தி வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தம்மா வீட்டுக்காரர் யாருங்க அம்முச்சி?" என்றாள். லேபிளில் உங்கள் கழுத்தில் தாலி இருந்தது.

நாடகத்தில் பாடி, கிராமபோன் பிளேட்டும் கொடுத்து, ஊரெல்லாம் தெரிந்த முகம் உங்களுடையது. பாடக் கூடாது என்ற கணவரோடு வாழ மாட்டேன் என்று அவிநாசிப் பஞ்சாயத்தில் நின்றீர்கள். துரும்பைக் கிள்ளிப் போட்டு, உறவு அறுந்தது என்று தீர்த்துவிட்டார்கள். தாலியை நீங்களே கழற்றி வைத்துவிட்டு வந்தீர்கள். பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு வாடகை வீடு, இரண்டு உரல், சீயக்காய் இடிக்க நான்கு பெண்கள். ஐந்தாவது படித்தவள் என்று கடிதம் எழுத என்னை வைத்துக்கொண்டீர்கள். அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு.

லேபிளுக்காக உங்கள் போட்டோவை அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். "ஏனுங்கம்மணி, கழுத்து மூளியா இருந்தா எந்தப் பொம்பளைங்க வாங்கும்?" என்றார் அச்சகக்காரர். சரக்கு தேங்கினால் நீங்கள் அந்த மனிதர் வாசலுக்கே திரும்ப வேண்டிவருமோ என்று பயந்தேன். உங்களைக் கேட்காமலே, "ஒண்ணு வரைஞ்சு போடுங்க" என்றேன்.

ஒட்டி அடுக்கிய டப்பாக்களைப் பார்த்தீர்கள்.

"பஞ்சாயத்துல நான் கழட்டுனதை அச்சுல கட்டிப்போட்டியே அம்மணி."

அவ்வளவுதான் சொன்னீர்கள். குண்டூசியை எடுத்து ஒவ்வொரு டப்பாவாகச் சுரண்டினீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டினேன். கடைசி டப்பா முடியப் பொழுது சாய்ந்துவிட்டது.

சந்தையில் பெண்கள், "அந்தக் கழுத்துக் கீறுன டப்பா குடுங்க" என்றே கேட்டு வாங்கினார்கள். அதைச் சொன்னபோதுதான் சிரித்தீர்கள். "பேரே வெச்சுப்போட்டாளுக பாரு!"

பேசும் படத்துக்கு மதராசிலிருந்து கூப்பிட்டபோது, "நீயும் வந்துரு கண்ணு, அங்க எனக்கு ஆரு இருக்கா?" என்றீர்கள். "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். கேட்கவேயில்லை. அப்புறம் உங்கள் குரல் ரேடியோவில் வந்தது. கடிதம் குறைந்தது. ஒருநாள் நீங்கள் போய்விட்ட செய்தி மட்டும் வந்தது.

நாம் சுரண்டிய அன்று ஒரு டப்பாவை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். தாலியோடுதான் நீங்கள் அழகு என்று அப்போது எனக்கு நினைப்பு.

பேத்தியிடம் குண்டூசி கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். தனியாக உட்கார்ந்து சுரண்டினேன். தாள் கிழிந்து தகரம் தெரிந்தது. பக்கத்திலிருந்த வெறும் பாயைப் பார்த்து, "முடிஞ்சுதுங்க அக்கா" என்றேன்.